தேக்கா மழையும் லிங்கியூ கரையும்

சிங்கப்பூர் தேக்காவுக்குப் போனால் சேலையும் பூமாலையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை மழை பிடித்துக்கொண்டால், ஓடும் நீரைச் சற்றுக் கவனியுங்கள். அது ரோச்சோர் கால்வாய் வழியாக, 2008-இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டின் நீர்த்தேக்கத்தில் சேருகிறது. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் மழைநீர் அங்கேதான் போகிறது. (மாட்டு வியாபாரம் நடந்த பகுதி இது. எருமைச் சாலை என்ற பெயர் இன்றும் இருக்கிறது!)

செயற்கைக்கோள் படங்களில் மரினாவுக்கு மார்கழியிலும் மாசியிலும் ஏறக்குறைய ஒரே முகம்தான். மதகுகளும் பம்புகளும் நீர்மட்டத்தைக் காக்கின்றன. பருவத்தின் முகத்தைப் பார்க்க, பாலத்தைக் கடந்து நம் ஜொகூருக்கு வரவேண்டும்.

கோத்தா திங்கிக்கு வடக்கே இருக்கிறது லிங்கியூ நீர்த்தேக்கம். 1990 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் கட்டியது, 1995-இல் முடிந்தது. அங்கிருந்து குழாய் நேரே சிங்கப்பூர் போகிறது என்றுதான் நானும் பல வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தவறு! மழை குறைந்தால் கடலின் உப்புநீர் ஜொகூர் ஆற்றில் ஏறி வரும். அதைப் பின்னுக்குத் தள்ளவே லிங்கியூ நீரைத் திறந்துவிடுகிறார்கள். ஆற்றிலிருந்து சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம் என்பது 1962 ஒப்பந்தம்.

செயற்கைக்கோள் இதை எப்படி அறிகிறது? நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை இலைகள் திருப்பி அனுப்பும், நீர் விழுங்கிவிடும். ஆகவே படத்தில் காடு பளிச்சென்றும் நீர் கறுப்பாகவும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே வெறும் மண் அகன்று தெரிந்தால், நீர் இறங்கிவிட்டது. லேண்ட்சாட் கோள் 16 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தின் மேல் வரும். மேகம் மறைத்தால் ரேடார் கோள் துணைக்கு வரும்.

2016 அக்டோபரில் லிங்கியூவில் இருந்தது கொள்ளளவில் சுமார் 20 சதவீதம்தான். அதே ஆண்டு எங்கள் லயத்தில் குழாய் வறண்டு, லோரி வரும் வழியில் வாளிகள் வரிசை கட்டி நின்றன. தீபாவளிக்குத் துணி எடுக்கத் தேக்கா போயிருந்தேன். சாப்பாட்டுக் கடையில் கேட்பதற்கு முன்பே பெரிய தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தார்கள். உடன் வந்த என் சின்ன மகள் பாதி குடித்துவிட்டு, "அப்பா, மீதியைப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?" என்றாள்.

ஊற்றிக்கொண்டுதான் வந்தோம்.