எஸ்.கே.எஸ்ஸா, எஸ்.எல்.ஆரா?



இடைவேளையில் தரம் 9 பொடியன்களுக்குள் பப்ஜி சண்டை. எஸ்.கே.எஸ் நல்லதா, எஸ்.எல்.ஆர் நல்லதா?

"ரெண்டும் 7.62 தானே சேர். எஸ்.எல்.ஆர் அடி கூட, ஆனா உதைக்கும்" என்றான் ஒருவன்.

ஏசத்தான் போனோம். கணிதம் படிப்பிக்கிற பழக்கம், அடிமட்டத்தைத் தூக்கிவிட்டோம். 7.62 என்பது துப்பாக்கிக் குழாயின் விட்டக் கணக்கு. நிஜத்தில் எஸ்.கே.எஸ் ரவையின் கோது 39 மில்லிமீற்றர், எஸ்.எல்.ஆருடையது 51. நீளக் கோதில் மருந்து கூட, உதையும் கூட. ஒன்றின் ரவையை மற்றதில் பாவிக்க முடியாது. விளையாட்டில்தான் இரண்டுக்கும் ஒன்று. எஸ்.எல்.ஆரை நம் நாட்டு இராணுவமும் ஒருகாலம் வைத்திருந்தது, பிறகுதான் ரி-56 வந்தது.

பிள்ளைகள் வாய் பார்த்துக் கேட்டார்கள். எங்களுக்கும் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்லக்கூடாது.

பின் வாங்கில் இருந்தவன் கேட்டான்: "சேர், நம்மட மீரா பள்ளிச் சுவர்ல இருக்கிற ஓட்டை எந்த அளவு?"

1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடி, இஷாத் தொழுகை. அவனுடைய மூத்தவாப்பா அன்று ஸஃப்பில் நின்றவர்.

மணி அடிக்கும்வரை அடிமட்டம் எங்கள் கையிலேயே இருந்தது.