ஊரைக் காத்தவரும் வீட்டை விட்டவரும்



1959-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் லண்டன் மாநகரில் ஒரு முதியவர் வறுமையில் மரித்தார். கென்சல் கிரீன் பகுதியிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். நெடுங்காலம் அந்தக் கல்லறையின்மேல் பெயர் பொறித்த கல் ஒன்றும் இருக்கவில்லை. பாட்ரிக் ஓ’கானல் என்பது அவர் பெயர்.

1887-இல் பிறந்த அயர்லாந்துக்காரரான இவர் பெல்ஃபாஸ்ட், ஷெஃபீல்டு, ஹல், மான்செஸ்டர் என ஊர் ஊராகச் சென்று, கால்பந்து அணிகளில் தடுப்பாட்டக்காரராக விளங்கினார். 1922-இல் ஸ்பெயினுக்குச் சென்று பயிற்சியாளரானார். 1935-இல் செவில் நகரத்து ரியல் பெட்டிஸ் அணி லீக் பட்டம் வென்றது இவருடைய பயிற்சியில்தான். அந்த அணி இன்றுவரை வென்றுள்ள ஒரே லீக் பட்டம் அது.

பின்பு பார்சிலோனா கழகம் அவரை அழைத்தது. 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. கழகத்தின் தலைவர் ஜோசப் சுன்யோல் பிராங்கோவின் படையினரால் கொல்லப்பட்டார். வருமானம் அற்றுப்போயிற்று. அவ்வேளையில் அயர்லாந்தில் பாதுகாப்பாயிருந்த ஓ’கானல், போர் நடந்த நகரத்திற்கே திரும்பி வந்தார். 1937-இல் வீரர்களோடு மெக்சிகோவுக்கும் அமெரிக்காவுக்கும் பயணமானார். அங்கு ஆடிச் சேர்த்த பணம் கழகத்தை அழிவினின்று காத்தது. வீரர்களில் பலர் அயல்நாடுகளிலேயே தங்கிவிட, அவரோ திரும்பினார்.

இவ்வளவு உண்மையுள்ள மனிதர், மான்செஸ்டரில் தம் மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் விட்டுச் சென்றவர். இடையிடையே பணம் அனுப்பினார், தாம் வரவில்லை. முதல் மனைவி உயிரோடிருக்கையிலேயே ஸ்பெயினில் மற்றொரு பெண்ணை மணந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் மகன் ஒருவர் அவரைத் தேடிச் சென்றபோது, மகன் என்று சொல்லாமல் உறவினர் என்றே பிறருக்கு அறிமுகப்படுத்தினார்.

இவரை நல்லவர் என்பதா, பொல்லாதவர் என்பதா? அந்தத் தீர்ப்பு நம்முடையதல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பார்சிலோனாவுக்குச் செய்த நன்மை மெய்யானது. அது மான்செஸ்டரில் காத்திருந்த பிள்ளைகளின் கணக்கில் வரவாகவில்லை. அவர்களுக்குச் செய்த அநியாயமும் மெய்யானது. அதற்காக அந்த நன்மை பொய்யாகிவிடவுமில்லை. வெளியே செய்யும் தியாகத்தைக் காட்டி, வீட்டில் செலுத்தவேண்டிய கடனைத் தள்ளிவிட முடியாது. அலுவலகத்திற்கும், ஊருக்கும், ஏன், திருச்சபைக்கும் ஓடியாடி உழைக்கும் நம் ஒவ்வொருவருக்கும் இது பொருந்தும்.

பிற்காலத்தில் அன்பர்கள் பணம் திரட்டி அவருடைய கல்லறைக்குக் கல் எழுப்பினார்கள். அதைப் பிறர் செய்ய முடிந்தது. “இவன் என் மகன்” என்று சொல்ல அவர் ஒருவராலேதான் முடிந்திருக்கும்.

உங்களால் மட்டுமே சொல்லக்கூடிய வார்த்தைக்காக உங்கள் வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்? அதை இந்த வாரமே சொல்லிவிடுங்கள். அதற்கான பெலனைக் கர்த்தர் உங்களுக்குத் தந்தருள்வாராக.