பழைய கணினியும் பழைய குரல்களும்

நம் தமிழ்த்துறையின் மர அலமாரியில் 84 ஒலிநாடாக்களும் 11 ஒளிநாடாக்களும் உள்ளன. கடற்கரை ஊர்களின் முஸ்லிம் வீடுகளில் பாடப்பெற்ற தாலாட்டுகள், கல்யாண வீட்டுப் பாட்டுகள், முனாஜாத்துகள், கிஸ்ஸாக்கள், சீறாப்புராண விரிவுரைகள் எனப் பலவும் அவற்றுள் அடங்கும். பெரும்பாலானவை துறையின் முன்னாள் தலைவர் ஒருவர் 1980களிலும் 1990களிலும் பதிவுக் கருவியைத் தோளில் சுமந்து ஊர் ஊராகச் சென்று சேர்த்தவை. அவர் இன்று நம்மிடையே இல்லை. ஒன்பது நாடாக்கள் மட்டும் 2004 ஆம் ஆண்டில் நம் எம்.ஃபில். ஆய்வுக்காக நாம் பதிவு செய்தவை. (அப்பட்டப் படிப்பையே பல்கலைக்கழக மானியக் குழு 2022 இல் நிறுத்திவிட்டது. நாடாக்களேனும் நிற்காமல் ஓட வேண்டும் என்பது நம் கவலை.)

அதே அறையின் மூலையில் 2012 இல் வாங்கிய மேசைக் கணினி ஒன்றும் உண்டு. வினாத்தாள் தட்டச்சு செய்வதற்கும் வருகைப் பட்டியல் எடுப்பதற்குமே அது இருந்து வந்தது. காலையில் மின்விசையைத் தட்டிவிட்டு, தேநீர் அருந்திவிட்டு வந்தால் திரை எழும்பியிருக்கும். இந்த நாடாக்களை அந்தக் கணினியில் ஏற்றுவது என்று 2023 இல் துறைக் கூட்டத்தில் முடிவாயிற்று.

நாடாக்களை வெளியில் கொடுத்து மாற்றி வாங்கலாமே என வினவுவோர் உளர். அதற்குக் கடைகள் உள்ளன, விலையும் அதிகமன்று. நமக்கு அவ்வழி அடைபட்டிருந்தது. அந்நாடாக்களில் பாடியுள்ள பெண்டிர் பலர் ஒரு நிபந்தனையின் பேரிலேயே பாடினர். தம் குரல் ஆய்வுக்கு மட்டுமே பயன்பட வேண்டும். கடையிலோ வானொலியிலோ ஒலித்தல் ஆகாது என்றனர். நம் உம்மம்மாவின் தங்கை கதவுக்கு உட்புறம் பாய் விரித்து அமர்ந்து பாட, ஒலிவாங்கியை வாசற்படியில் வைத்துவிட்டு நாம் திண்ணையில் இருந்தோம். முன்னாள் தலைவரின் நாடாக்களும் அவ்வாறு பதிவானவையே. உறையின் மேல் பச்சை மையில், “வெளியில் தரலாகாது” என்று அவர் கையெழுத்தில் எழுதியிருப்பார். வாக்குக் கொடுத்தவரும் இல்லை, வாக்குப் பெற்றவருள் பலரும் இல்லை என்பதற்காக வாக்கு இல்லாமற் போய்விடாது. ஆகவே வேலை துறைக்குள்ளேயே, நம் கண்ணெதிரிலேயே நடந்தாக வேண்டியிருந்தது.

காலமும் அவ்வளவாக இல்லை. 1963 இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்தச் சிறு நாடா, நான்கு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுடையது, நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடுவது. நெகிழி நாடாவின் மேல் ஒட்டவைத்த காந்தத் துகளில்தான் குரல் இருக்கிறது. ஒட்டிய பசை காலத்தால் இளகும். கடற்காற்றின் ஈரத்தில் ஓரங்களில் வெண்பூஞ்சை படரும். நம் நாடாக்களில் ஆறில் அது படர்ந்தேவிட்டது.

கணினித்துறை நண்பர் வந்து பார்த்தார். பெட்டியைத் திறந்து ஒரு நோட்டம் விட்டு, “சார், இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்” என்றார். புதியதற்கு அவர் எழுதித் தந்த மதிப்பீடு 68,000 ரூபாய். துறையின் கையிருப்போ அதில் ஐந்திலொரு பங்கு. அவர் கூறியது அவர் துறைக்குப் பொருந்தும். நம் தேவை என்ன என்பதை அளந்து பார்த்தால் கணக்கு வேறாகிறது.

ஒலிக்கு வேண்டுவது எவ்வளவு? நம் இலக்கணிகள் கண் இமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் கொண்டு எழுத்துக்கு மாத்திரை வகுத்தனர். கணினியும் ஒருவகையில் மாத்திரைக் கணக்கனே. ஒரு வினாடியை 48,000 கூறாக்கி, ஒவ்வொரு கூறிலும் ஒலியலையின் உயரம் எவ்வளவு என்று அளந்து, அதனை 24 பிட் நீளமுள்ள எண்ணாக எழுதிவைக்கிறது. ஒலி ஆவணக் காப்பகங்கள் குறைந்த அளவாகக் கொள்வது இதுவே. இடம், வலம் என இரு தடத்துக்கும் சேர்த்து வினாடிக்கு 2,88,000 பைட். 90 நிமிட நாடா ஒன்றுக்கு ஏறத்தாழ 1.56 ஜி.பி. 84 நாடாக்களும் அவ்வளவினவே என்று கொண்டாலும் 131 ஜி.பி.யைத் தாண்டாது. இந்த ஓட்டத்தைத் தாங்கப் பன்னிரண்டு ஆண்டுப் பழமையான கணினிக்கு வலிமை தாராளமாக உண்டு.

எனினும் முதற்சோதனையில் குரல் இடையிடையே அறுந்தது. ஒரு தாலாட்டின் நடுவில் ‘கண்ணே’ என்பது ‘கண்’ணோடு நின்றுபோயிற்று. காரணம் வலிமைக் குறைவன்று; சுழலும் ஹார்டு டிஸ்க்கின் ஊசலாட்டம். அதன் முள் தட்டின் மேல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லப் பத்து மில்லி வினாடி அளவு பிடிக்கும். குரலை எழுதிக்கொண்டிருக்கும்போதே வைரஸ் தடுப்பு மென்பொருளும் இயங்குதளத்தின் புதுப்பித்தல் வேலையும் அதனை வேறிடங்களுக்கு அழைத்துக்கொண்டேயிருந்தன. நான்கு ஜி.பி. ரேம் நிரம்பிவிட்டதால், நினைவில் வைக்க வேண்டியதையும் அதே தட்டில் எழுதி எழுதி எடுத்தது கணினி. ஒரே எழுத்தர் ஐந்து அதிகாரிகளுக்குப் பணிபுரிந்தால் எந்தக் கோப்பு நகரும்?

ஆகவே முதலில் மாற்றியது ஹார்டு டிஸ்க்கைத்தான். சுழலும் தட்டே இல்லாத 480 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று 2,600 ரூபாய்க்குக் கிடைத்தது. நம் கணினியின் எச்61 வகை மதர்போர்டில் சாட்டா இணைப்பின் வேகம் புதியனவற்றில் பாதியே. அதனால் எஸ்.எஸ்.டி.யின் முழு வேகமும் கிட்டாது என்று எச்சரித்தனர். உண்மைதான். ஆனால் நாம் பெற்றது வேகத்தைவிடக் காத்திருப்பு ஒழிந்ததையே. நான்கு நிமிடம் எடுத்த கணினி 35 வினாடியில் எழுந்தது; தேநீர்ப் பழக்கம் கெட்டது. அடுத்து ரேம். அந்த மதர்போர்டில் இரண்டே செருகிடங்கள், டி.டி.ஆர்.3 வகை மட்டுமே பொருந்தும், 16 ஜி.பி.க்கு மேல் ஏற்காது. எட்டு ஜி.பி. துண்டுகள் இரண்டு 2,400 ரூபாய்.

ஒலியோடு நிற்பதாயின் இவ்விரண்டே போதும் என்பது நம் முடிவு. பழைய கணினியில் குரல் பதிய விரும்புவோர் செயலியைத் தொடவே வேண்டியதில்லை.

ஒளிநாடாக்களே செலவை இழுத்துவிட்டன. வி.எச்.எஸ். நாடாவின் படம் வினாடிக்கு 25 சட்டங்கள், சட்டத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் வரிகள் 576. இதனை டி.வி. வடிவில் ஏற்றினால் மணிக்கு 13 ஜி.பி. மூன்று மணிநேர நாடாக்கள் பதினொன்றுக்கு 429 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யில் இதற்கு இடமில்லை; தனியே ஒரு 2 டி.பி. ஹார்டு டிஸ்க்கை ஆசிரியர் சிலர் சேர்ந்து வாங்கித் தந்தனர். ஏற்றிய படத்தை வெட்டி ஒட்டி மீண்டும் சுருக்கும்போதுதான் செயலியின் வலிமை தெரிகிறது. இரண்டு உட்கருக்கள் கொண்ட ஐ3 2100 பத்து நிமிடப் படத்துக்கு ஐம்பது நிமிடம் எடுத்தது. அதே செருகிடத்தில் பொருந்தும் நான்கு உட்கரு ஐ7 2600, இரண்டும் 2011 இல் வெளிவந்தவையே, பழைய பொருள் கடையில் 4,200 ரூபாய்க்குக் கிடைத்தது. பத்து நிமிடப் படம் இப்போது 22 நிமிடத்தில் முடிகிறது. ஆயின் பழைய செயலி 65 வாட்; புதியது 95. வெப்பம் கடத்தும் பசையைப் புதிதாகத் தடவி, பன்னிரண்டு ஆண்டுத் தூசியைத் துடைத்து, மின்வழங்கியையும் 2,300 ரூபாய்க்கு மாற்றினோம். ஆக 11,500 ரூபாய். கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுமென்று கடைக்காரர் வற்புறுத்தினார். 576 வரிப் படத்துக்கு அது வேண்டா. இக்காலக் கைபேசிகள் எச்.265 முறையில் எடுக்கும் படங்கள்தாம் இக்கணினியில் திக்கித் திணறும். துறை விழாவின் படங்களை வெட்டும்போது, முதலில் சிறிய நகல்களை உருவாக்கி, அவற்றின் மேல் வேலை செய்து, இறுதியில் மூலத்தோடு பொருத்திக்கொள்கிறோம்.

கணினியைப் பற்றியே இவ்வளவு பேசிவிட்டோம். உண்மையில் குரலின் நலம் பாதிக்குமேல் நாடா ஓட்டும் கருவியின் கையில் உள்ளது. நாடாவைத் தொடும் காந்தத்தலை இம்மியளவு சாய்ந்திருந்தாலும் மேல்ஒலிகள் மங்கிவிடும். ஒவ்வொரு நாடாவும் வெவ்வேறு கருவியில் பதிவானது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் சிறு திருப்புளியால் தலையின் சாய்வைத் திருத்தி, செவியால் கேட்டே நிறுத்த வேண்டும். இதில் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் நம்மைவிடக் கைதேர்ந்தார். கணினியின் பின்புறத் துளையில் நேரே செருகாமல், வெளியே இருந்து யூ.எஸ்.பி. வழி இணையும் ஒலிக்கருவி ஒன்றைக் கொண்டோம். பெட்டிக்குள் இருக்கும் மின்னிரைச்சல் குரலில் கலவாது. அப்படியும் அடியில் ஒரு ரீங்காரம் கேட்டது. நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அது. ஓட்டும் கருவியும் கணினியும் வெவ்வேறு சுவர்ச் செருகிகளிலிருந்து மின்சாரம் பெற்றதே காரணம். ஒரே பலகையில் இரண்டையும் செருகியதும் அடங்கிற்று. இதற்கு ஒரு காசும் செலவில்லை.

2025 அக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொதுவான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நிறுத்தப்பட்டன. விண்டோஸ் 11 க்கு நம் செயலி தகுதியற்றது. எனவே லினக்ஸுக்கு மாறினோம்; ஆடாசிட்டி அங்கும் அவ்வாறே இயங்குகிறது. இணைய வடத்தையும் பிடுங்கிவிட்டோம். பாடியவர்களுக்குக் கொடுத்த வாக்குக்கு அதுவே பொருத்தம்.

இரைச்சல் நீக்குவது பற்றி நமக்கும் மாணவர்க்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. குரலில்லாத ஓரிடத்தை மாதிரியாகக் காட்டினால், அதையொத்த ஒலியை நாடா முழுவதிலும் மென்பொருள் குறைத்துவிடும். கேட்பதற்குத் தூய்மையாகத்தான் உள்ளது. ஆனால் நாடாவின் ‘உஸ்’ என்னும் சீறலும் ஸ, ஷ, ஃப என்னும் உரசொலிகளும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் வாழ்பவை. சீறலைத் துடைக்கும் துணி எழுத்தையும் துடைத்துவிடுகிறது. ‘ஸலவாத்து’ என்று அவர் திருத்தமாகச் சொன்னது ‘தலவாத்து’ போல ஒலிக்கிறது. அரபுச் சொற்களைத் தமிழ்ப் பெண்டிர் எவ்வாறு ஒலித்தனர் என்பதே ஆய்வுப் பொருளாயிருக்க, அவ்வொலியைத் தேய்த்துவிட்டு எதை ஆராய்வது? மின்விசிறியின் ஓசை, கோழியின் கொக்கரிப்பு, உள்ளே யாரோ பாத்திரம் கழுவுவது யாவும் இருக்கட்டும் என்று மூலக்கோப்பைத் தீண்டாமல் வைத்துள்ளோம். வகுப்பில் கேட்பதற்கெனத் தூய்மை செய்த நகல் வேறு.

இதுவரை 61 ஒலிநாடாக்களும் நான்கு ஒளிநாடாக்களும் ஏறிவிட்டன. இரண்டு நாடாக்களில் அழுத்து பஞ்சு உதிர்ந்துவிட்டது; புதிய கூட்டுக்குள் நாடாவை மாற்றிச் சுற்ற வேண்டும். பூஞ்சை பிடித்த ஆறும் கடைசிக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. சென்ற மாதம், 1987 இல் பதிவான தாலாட்டு ஒன்றைப் பாடியவரின் மகளை அவர் பேரனோடு துறைக்கு வரவழைத்தோம். செவிப்பொறியை மாட்டிக்கொண்டு பதினேழு நிமிடம் அசையாமல் இருந்தார். நகல் தரட்டுமா என வினவினோம். “எனக்கு வேணும் தம்பி. மத்தவுகளுக்கு உம்மா சொன்னது சொன்னதுதான்” என்றார். பேரன் நீட்டிய பென் டிரைவில் அந்த ஒரு கோப்பை மட்டும் ஏற்றிக் கொடுத்து, உறையின் மேல் பச்சை மையில் தேதி குறித்து வைத்தோம்.