கூர்முனையின் பூர்வீகம்

ஸ்பீக்கர் ஸ்டாண்டுக்கு அடியில் ஏன் ஆணி மாதிரி கூராக ஒரு கால்? நம் வீடுகளில் தரை என்றால் டைல்ஸ், மொசைக், கிரானைட், பழைய வீடாக இருந்தால் சிவப்புச் சிமெண்டு. எல்லாமே கல்லுக்குச் சமம். அதன்மேல் கூர்முனையை நிறுத்தினால் கீறல்தான் மிச்சம். ஆனாலும் கடையில் வாங்குகிற ஸ்டாண்டோடு ஸ்பைக்குகளும் ஒரு பொட்டலத்தில் வந்துவிடுகின்றன. நல்ல பெயருள்ள ஸ்பைக்குகளைத் தனியாக வாங்கப் போனால் ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். சதுர இரும்புக் குழாயில் ஸ்டாண்டை நானே செய்துகொள்ளலாம் என்று இறங்கியபோது, கால் வைக்கும் கட்டத்தில் வேலை நின்றுவிட்டது. எதற்காகப் பிறந்தது என்று தெரியாத ஒரு பொருளை என்ன அளவில், என்ன உலோகத்தில் செய்வது?

கோவை கணபதியில் தெரிந்த லேத் பட்டறைக்கு 8 எம்.எம். போல்ட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். முனையை மட்டும் கூம்பாகச் சீவித் தரச் சொன்னேன். பட்டறைக்காரர் ஒரு போல்ட்டை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார்.

“எதுக்குங்க இது?”

“ஸ்பீக்கர் ஸ்டாண்டுக்குக் காலுங்க.”

“வீட்ல மண் தரைங்களா?”

“இல்லீங்க, டைல்ஸு.”

“அப்ப இது எதைக் குத்தறதுக்கு?”

குத்துவதற்கு அடியில் ஏதாவது இருந்தால்தானே கூர்முனைக்கு வேலை? அங்கிருந்துதான் என் தேடல் தொடங்கியது.

குத்தப்பட்டது பிரிட்டிஷ் வீடுகளின் கம்பளம். 1970களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்குள் வைக்க எல்எஸ்3/5ஏ என்ற சின்ன மானிட்டர் ஸ்பீக்கரை உருவாக்கியது. உயரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர், எடை சுமார் 5 கிலோ. ரோஜர்ஸ், ஸ்பெண்டார் போன்ற நிறுவனங்கள் உரிமம் பெற்று அதைத் தயாரிக்க, அது வீடுகளுக்குள் வந்தது. இவ்வளவு சிறிய பெட்டியைத் தரையில் வைத்துக் கேட்க முடியாது. காது உயரத்துக்குத் தூக்கியாக வேண்டும், அதற்கு ஸ்டாண்டு. அங்கே கூடத்தில் சுவரோடு சுவராகக் கம்பளம், அதற்கடியில் மெத்தென்று ஒரு விரிப்பு, அதற்கும் கீழேதான் பலகை. உயரமான, மேல்பாரமான ஒரு பொருளை மெத்தையில் நிறுத்தினால் ஆடாமல் என்ன செய்யும்?

ஆட்டத்தால் ஒலிக்கு என்ன கேடு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்பீக்கருக்குள் அசையும் கூம்புத்தாளும் அதன் காயிலும் சேர்ந்து 10 கிராம், பெட்டியும் ஸ்டாண்டும் 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கூம்புத்தாள் 3 மில்லிமீட்டர் முன்னால் பாய்ந்தால், தடுப்பாரில்லாத பெட்டி ஒரு மில்லிமீட்டரில் 400இல் ஒரு பங்கு பின்னால் போகும். கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் பாட்டின் நுணுக்கங்களும் கூம்புத்தாளின் அந்த அளவு நுண்ணிய அசைவுகளில்தான் இருக்கின்றன. மெத்தைமேல் நிற்கும் ஸ்டாண்டு தனக்கென்று ஒரு ஊசலாட்டமும் போட்டால் பெட்டியின் அசைவு இன்னும் பெரிதாகும்.

ஸ்பைக் இதற்கு நேரடியான தீர்வு. மூன்று கால்களில் 12 கிலோ நின்றால் காலுக்கு 4 கிலோ. ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள முனையில் அது சதுர சென்டிமீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டும் அழுத்தம். கம்பள இழைகளை விலக்கிக்கொண்டு முனை பலகையைப் பிடித்துவிடும். கிளாஸ்கோவில் 1970களில் ஐவர் டீஃபன்பிரன் தொடங்கிய லின் நிறுவனம், ஸ்பீக்கர் அசையாத பிடிப்பில் நிற்க வேண்டும் என்று விடாமல் சொல்லிவந்தது. அந்த வாதத்தோடு ஸ்பைக்கும் ஊர் ஊராகப் பரவியது. 1980களில் அமெரிக்காவில் மாட் ஸ்குவாட் என்ற நிறுவனம் டிப்டோஸ் என்ற அலுமினியக் கூம்புகளை விற்றது. கம்பளத்துக்குப் பிறந்த கால், கம்பளமே இல்லாத அலமாரிகளின் மேலும் ஏறியது அப்படித்தான்.

கூடவே ஒரு விளக்கமும் ஏறிக்கொண்டது. கூர்முனை ஒருவழிப் பாதையாம், பெட்டியின் அதிர்வைக் கீழே இறக்கிவிட்டு மேலே வர விடாதாம். இதை நான் ஏற்கவில்லை. கூர்முனைக்கு முந்தைய இரண்டு உறவுகளைப் பார்த்தால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

ஒன்று செல்லோ. நெடுங்காலம் அந்த வாத்தியத்தைக் கெண்டைக்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டுதான் வாசித்தார்கள். அடியில் கம்பி பொருத்தித் தரையில் ஊன்றும் வழக்கத்தைப் பரப்பியவர் என்று பெல்ஜியத்தின் செர்வே (1807–1866) அறியப்படுகிறார். அந்தக் கம்பியின் முனையும் கூர்தான், மேடைப் பலகையில் வழுக்காமல் நிற்பதற்காக. அது வாத்தியத்தின் அதிர்வைப் பலகைக்கு இறக்கும். பலகையும் சேர்ந்து பாடும். செல்லோக்காரருக்கு அது லாபம். ஸ்பீக்கருக்கு நஷ்டம், ஏனென்றால் தரை தன் பங்குக்கு ஒன்றும் சேர்க்கக் கூடாது.

இன்னொன்று ஜியோபோன். இந்த உறவு எனக்கு என் மாமா வழியாகக் கிடைத்தது. வாலிபத்தில் அவர் தஞ்சாவூர்ப் பக்கம் எண்ணெய்வளம் தேடும் நில அதிர்வு ஆய்வுக் குழுவோடு கூலிக்குப் போனவர். வயலில் துளை போட்டுச் சின்னதாக வெடி வைப்பார்கள். பூமிக்குள் பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அதிர்வை வரிசையாக நட்ட ஜியோபோன்கள் வாங்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே விரல் நீளத்தில் ஓர் இரும்பு ஆணி. உள்ளே காந்தம், ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு காயில். அதாவது ஸ்பீக்கரில் இருக்கும் அதே சாமான்கள், வேலை மட்டும் தலைகீழ். ஸ்பீக்கரில் மின்சாரம் அசைவாகிறது, ஜியோபோனில் அசைவு மின்சாரமாகிறது.

“சும்மா சொருகிட்டு வந்தா ஆவாது மாப்ளே,” என்றார் மாமா. “குதிகாலால மிதிச்சு இறக்கணும். கொஞ்சம் சாஞ்சு நின்னாலும் பதிவு வண்டியில உக்காந்திருக்கவர் கண்டுபிடிச்சிடுவாரு. திரும்பப் போயி நடணும்.”

மண்ணின் அதிர்வு அந்த ஆணி வழியாக மேலே ஏறித்தான் பெட்டிக்குள் போகிறது. ஒருவழிப் பாதை என்ற கதை அங்கேயே முடிந்துவிட்டது. கூர்முனை இரண்டு பக்கமும் கடத்தும். அது செய்வது இறுகப் பிடிப்பதை மட்டும்தான்.

மாமாவிடம் இன்னொன்றும் கேட்டேன். நடுவில் தார் ரோடு வந்தால்?

“ஆணியக் கழட்டிட்டுத் தட்டையா அடி மாட்டி வெப்போம்.”

தேடி அலைந்ததற்குப் பலன் இந்தப் பதில்தான். ஆணியே உயிரான கருவிகூடக் கெட்டித் தரையில் தட்டை அடிக்கு மாறிக்கொள்கிறது. இதைப் பட்டறைக்காரரிடம் போய்ச் சொன்னபோது அவருக்கு அதில் வியப்பே இல்லை. “எங்க மெஷினுக்கெல்லாம் அதுதானுங்களே போடறோம்,” என்று மூலையில் நின்ற டிரில்லிங் மெஷினின் அடியைக் காட்டினார். மேலே போல்ட், கீழே ஒரு கிண்ணம், போல்ட்டின் உருண்ட முனை கிண்ணத்துக்குள். தரை எவ்வளவு மேடு பள்ளமாக இருந்தாலும் கிண்ணம் தானாகச் சாய்ந்து படிந்துகொள்ளும்.

அந்த மாதிரியே செய்தோம். போல்ட்டின் அறுகோணத் தலையைச் சக்கில் பிடித்து, மரைப்பக்கத்து நுனியைக் கூம்பாகக் கடைந்தார். கடைசியில் அரத்தை ஒரு தடவை ஓட்டி நுனியை மழுக்கினார். பழைய பித்தளைத் துண்டில் வட்டு வெட்டி, நடுவில் டிரில் பிட்டால் குழி மட்டும் போட்டார், துளை விழும்வரை இறக்கவில்லை. வட்டுக்கு அடியில் ஹவாய் செருப்பின் அடியிலிருந்து வெட்டிய ரப்பர் ஒட்டினேன். ஸ்டாண்டின் அடித்தகட்டில் மரை வெட்டிப் போல்ட்டை மேலிருந்து இறக்கியதால், தலை மேல்பக்கம் இருக்கிறது. குனிந்து 13ஆம் நம்பர் ஸ்பானரை மாட்டினால் போதும், ஸ்டாண்டைக் கவிழ்க்க வேண்டியதில்லை. 8 எம்.எம். மரையில் முழுச் சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர் உயரும், கால் சுற்றுக்கு 0.3. நான்கு கால் வைப்பவர்கள் கடைசி ஆட்டத்தை அந்தக் கால் சுற்றில்தான் பிடிக்க வேண்டும். மூன்று கால் என்றால் அந்தக் கவலை இல்லை, ஆனால் பக்கவாட்டில் இடித்தால் எளிதில் சாயும். குழந்தைகள் ஓடும் வீட்டில் நான்குதான் வைப்பேன். குழாய்க்குள் வெயிலில் காயவைத்துச் சலித்த மணல் நிரப்பியிருக்கிறேன், தட்டினால் கணகணவென்று ஒலிக்காமல் இருக்க.

தளம்போட்ட தரைக்கு இது போதும். மரச்சட்டங்கள்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் மாடி அறையாக இருந்தால் தரையே அதிரக்கூடியது, இறுகப் பிடிப்பது அங்கே நமக்கு எதிராகத்தான் வேலை செய்யும். அதற்கு ஸ்குவாஷ் பந்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைப்பது இங்கிலாந்தில் பலரும் கையாண்ட மலிவான வழி. நல்ல ரப்பர் பந்தாக நாலைந்து வாங்கி வெட்டிப் பாருங்கள். சுவரோரமாகவும் வைக்க வேண்டும், சட்டங்கள் சுவரில் ஏறும் இடத்தில் தரை குறைவாகத்தான் அசையும்.