பழைய சிப்புக்கும் ஒரு கம்பைலர் வேணும்

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்குக் கம்பைலரோட என்ன வேலை எண்டு நீங்கள் கேக்கலாம். எங்களுக்கு மொழிபெயர்ப்பு ஒரு பாடம். கம்பைலரும் ஒரு மொழிபெயர்ப்பாளர்தான்: மனிசர் எழுதுகிற நிரலைச் சிப்புக்கு விளங்குகிற கட்டளையாக மாற்றுகிறது. இன்டெல், ஏஆர்எம், ரிஸ்க்-ஃபைவ் என்று ஒவ்வொரு சிப் குடும்பத்துக்கும் ஒவ்வொரு மொழி.

புதுக் குடும்பம் ஒன்று வந்தால் பழைய கம்பைலருக்கு அந்த மொழி தெரியாது. சீனாவின் லூங்ஆர்ச்சை எடுப்பம். லினக்ஸ் கேர்னலுக்குள் அது வந்தது 2022இல், 5.19 பதிப்பில். ஜிசிசி கம்பைலர் அந்த மொழியைப் படிச்சதும் அதே வருசம்தான், 12ஆம் பதிப்பில். ஆனால் கேர்னலைக் கட்ட அப்போது பொதுவாகக் கேட்கப்பட்ட ஆகக்குறைந்த பதிப்பு ஜிசிசி 5.1. புதியவர் ஒருவருக்காக எல்லாரையும் 12க்கு ஏறச் சொல்லவில்லை. தனக்கு வேண்டிய கம்பைலரோடு அவர் வரட்டும், மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டார்கள். ஆகக்குறைந்த பதிப்புகளைச் சொல்லும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று கேர்னலுக்குள் இருக்கு. அதில சில சிப்புகளுக்கு மட்டும் தனி எண் போடலாம். எங்களுக்கு இது நியாயமாகப் படுகிறது.

அதுக்காகப் பொது எல்லை அசையாமலே நிக்கவும் ஏலாது. 2025இல், 6.16 பதிப்போடு, அது ஜிசிசி 8 ஆனது. பழைய பதிப்பு ஒவ்வொன்றின் பிழையையும் சுத்திப்போக நிரலில ஒட்டுப் போட வேணும். அதை ஆரோ சோதிச்சுக்கொண்டே இருக்கவும் வேணும்.

எண்ணை உயர்த்தினால் மட்டும் தீராத சிக்கலும் உண்டு. 2021இல் பைதனின் 'கிரிப்டோகிராஃபி' பொதி ரஸ்ட் மொழியைச் சேர்த்துக்கொண்டது. நினைவகப் பிழைகளைக் குறைக்கிற நல்ல நோக்கம்தான். ஆனால் ஆல்ஃபா, பிஏ-ரிஸ்க் போன்ற பழைய சிப்புகளுக்கு ரஸ்ட் கம்பைலரே இருக்கவில்லை. அங்க பழசு புதுசு எண்ட கதையே இல்லை, மொழிபெயர்க்க ஆளே இல்லை.

இது எங்களுக்குத் தூரத்துக் கதை இல்லை. எங்கட வாசிகசாலையில நன்கொடையாக வந்த 32-பிட் கம்பியூட்டர்களில டெபியன் 12 ஓடுது. ஓ/எல் பிள்ளைகள் பாஸ்ட் பேப்பர் பார்க்கிறது அதிலதான். 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13இல் அந்த வகைக்கு இன்ஸ்டோலரும் இல்லை, கேர்னலும் இல்லை. இத்தனைக்கும் ஜிசிசிக்கு அந்த மொழி இன்னும் நல்லாத் தெரியும். குறைஞ்சு போனது அதைப் பராமரிக்கிற ஆக்கள்தான்.

பராமரிக்கிறவர்களைத் திட்டுறதில எங்களுக்கு உடன்பாடில்லை. கனபேர் சம்பளமில்லாமல் செய்கிற வேலை அது. எல்லையை உயர்த்தினால் ஏன் எண்டு எழுதுங்கோ, முன்கூட்டியே சொல்லுங்கோ, ஏலுமெண்டால் சிப்புக்குச் சிப் தனி எல்லை வையுங்கோ எண்டு கேக்கலாம். கேக்கிற எங்களிட்டயும் ஒரு வேலை இருக்கு. பழைய மெசின் வைச்சிருக்கிற ஆக்கள் புதுப் பதிப்பை அதில போட்டுப் பார்த்து, எங்க நிண்டுபோச்சு எண்டு தெளிவா எழுதி அனுப்ப வேணும். தெளிவா எழுதக் கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும்தானே.