மந்தமான கம்ப்யூட்டர்

வீட்டில் ஒருவருக்கு ஜுரம் கண்டால் அண்டை அயலார் அனைவரும் வைத்தியர்களாகிவிடுவது நம் நாட்டு வழக்கம். கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டாலும் அப்படியேதான். "வைரஸ்" என்கிறார் ஒருவர். "தூசி அடைத்திருக்கும்" என்கிறார் மற்றொருவர். "தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள், ஸார்!" என்பவரே பெரும்பாலும் ஜயிக்கிறார்.

எங்கள் பள்ளிக்கூடத்திலும் சென்ற வருஷம் அவர் ஜயித்துவிட இருந்தார். மாணவர்களின் மார்க்குகளையெல்லாம் தன்னிடம் வைத்திருந்த கம்ப்யூட்டர், விசையை அழுத்திப் பத்து நிமிஷம் சென்ற பிறகே கண் விழித்தது. புதியது வாங்கப் பணம்? வாசகசாலைக்குப் புஸ்தகங்கள் வாங்கவென்று பெற்றோர்கள் கொடுத்திருந்த தொகையின்மீது நிர்வாகத்தாரின் பார்வை விழுந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "நாடி பார்க்காமலே பாடை கட்டுவதா? இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன்.

நாடி பார்ப்பது கஷ்டமன்று. விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் 'டாஸ்க் மானேஜர்' தோன்றும். யார் உழைக்கிறார், யார் தூங்குகிறார் என்பதை அது ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடும். எங்கள் யந்திரத்தில் பிராஸஸருக்கு நூற்றில் பத்துப் பங்கு வேலைகூட இல்லை. 4 ஜி.பி. மெமரி ஏறக்குறைய நிரம்பியிருந்தது. டிஸ்க்கோ, 100 சதவிகிதம்!

மெமரியில் இடம் போதாவிட்டால் விண்டோஸ், உடனடியாக வேண்டாதவற்றை ஹார்ட் டிஸ்க்கில் கொண்டு வைத்து, வேண்டும்போது திரும்ப எடுத்து வருகிறது. சிறிய சமையலறையில் பாத்திரங்களைக் கொல்லைக்கும் உள்ளுக்குமாகச் சுமப்பது போன்ற காரியம் இது. சுமக்கிறவரும் வேகமானவரல்லர். ஹார்ட் டிஸ்க் என்பது வாஸ்தவமாகவே சுழலுகிற தட்டு. கிராமபோன் முள்ளைப் போல் ஒரு கரம் அதன்மீது, தட்டைத் தொடாமலே, இடம் தேடி நகருகிறது. 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட முதல் டிஸ்க் நிமிஷத்துக்கு 1,200 தடவை சுழன்றது. மேஜைக் கம்ப்யூட்டர்களில் இன்று சாதாரணமாகக் காணப்படுவது 7,200 தடவை சுழலுகிறது. இத்தனை வருஷங்களில் ஆறு மடங்குதான்! பிராஸஸரின் வேகமோ லட்சக்கணக்கான மடங்கு பெருகிவிட்டது. அங்குமிங்கும் சிதறிக் கிடப்பவற்றை விநாடிக்கு நூறு தடவை எடுப்பதே சுழலும் தட்டுக்குப் பெரும்பாடு. தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. அதே விநாடியில் ஆயிரக்கணக்கான தடவை எடுத்துத் தருகிறது.

காரணம் தெரிந்துவிட்டதென்று நான் எழுந்துவிடவில்லை. தன் தேக நிலையை டிஸ்க்கே குறித்து வைத்துக்கொள்ளும். அக்குறிப்புக்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். அதைத் திறந்து பார்த்தேன். பழுதுபட்ட பகுதிகள் பல ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தன. வயிற்றில் புளியைக் கரைத்தது! இது வெறும் சோம்பல் அன்று. டிஸ்க் எந்த நாளும் நின்றுவிடலாம். மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு, மார்க்குகள் அனைத்துக்கும் அன்றிரவே பிரதி எடுத்தேன்.

பிறகு ஓர் எஸ்.எஸ்.டி.யும் இன்னொரு 4 ஜி.பி. மெமரியும் வாங்கிப் பொருத்தினோம். புது யந்திரத்தின் விலையில் அது ஒரு சிறு பங்கே. கம்ப்யூட்டர் இப்போது அரை நிமிஷத்தில் விழித்துக்கொள்கிறது. புஸ்தகங்களும் வந்து சேர்ந்தன. பழைய டிஸ்க்கைப் பிரித்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். கண்ணாடியாய்ப் பளபளத்த அந்தத் தட்டில் ஒரு சிறுமி முகம் பார்த்து, நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.