பாங்காக்கின் பழைய வாசல்

பாங்காக் போகும் சகோதரிகள் டிக்கெட் கைக்கு வந்ததும் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஊருக்கு இரண்டு விமான நிலையங்கள். ஒன்று சுவர்ணபூமி; புதியது, பிரம்மாண்டமானது. இன்னொன்று டான் முவாங். பழையது, மலிவுக் கட்டண விமானங்கள் அதிகம் வந்து போவது. டிக்கெட்டில் பி.கே.கே. என்று மூன்றெழுத்து இருந்தால் சுவர்ணபூமி. டி.எம்.கே. என்று இருந்தால் டான் முவாங். ஒன்று ஊருக்குக் கிழக்கே, மற்றது வடக்கே. இரண்டுக்கும் நடுவில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் சாலை. "ஏர்போர்ட்டுக்குப் போப்பா" என்று பொதுவாகச் சொல்லி டாக்ஸியில் ஏறினால் விமானத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

நான் போய் இறங்கியது டான் முவாங்கில், 2024 ஜனவரியில். என் மகளுக்கு அங்கே தலைப்பிரசவம்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். ஆனால் அவள் முன்பே சொல்லிவிட்டாள்: "இங்கேயே எல்லா வசதியும் இருக்கும்மா. ஆஸ்பத்திரியிலேயே வகுப்பு எடுக்கறாங்க. குழந்தையைக் குளிப்பாட்டறதைக்கூட செல்போன்ல பார்த்துக்கறேன். உன் முழங்கால் வலியோட நீ ஏன் அலையணும்?" அக்கறையில் சொன்னதுதான். எனக்கென்னவோ நெஞ்சில் ஒரு முள் குத்தியது. இருபத்தைந்து வருஷம் அடுப்படியிலும் தொட்டிலடியிலும் கற்றதெல்லாம் ஒரு செல்போனுக்குள் அடங்கிவிட்டதா? "அவ்வளவுதான், நம்ம வேலை முடிஞ்சுது" என்று இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தை பிறந்த ஆறாம் நாள் இரவு போன் வந்தது. "அம்மா, நீ வர்றியா?" அவ்வளவுதான் கேட்டாள். பின்னால் குழந்தை வீறிட்டு அழும் சத்தம்.

இவர் சிறிய ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறார். பெரிய கம்பெனி விமானங்களின் கட்டணத்தைக் கேட்டதும் வாயடைத்துப் போனார். எதிர்வீட்டுப் பையன்தான் மலிவுக் கட்டண விமானம் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். அதில் பாதிக்கும் குறைவு. "எப்படிடா கட்டுப்படியாகுது?" என்று கேட்டேன். அவன் விளக்கினான். இறங்கிய விமானத்தைச் சும்மா நிறுத்தி வைக்காமல் சீக்கிரமே ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பக் கிளப்பிவிடுவார்கள். சாப்பாடு, பெட்டி, நமக்குப் பிடித்த இடம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் காசு. கையில் 7 கிலோ வரைதான். 2023 நவம்பர் 10 முதல் நம் நாட்டவர் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம் என்று தாய்லாந்து அனுமதித்திருந்ததால் அந்தச் செலவும் மிச்சம்.

பெட்டிக்குத் தனியாகப் பணம் கட்டினோம். லேகியம், சுக்கு, மிளகு, பூண்டு, நெய் பாட்டில் எல்லாம் அதில் போயின. நெய் மாதிரி திரவங்களை 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள். இவருடைய பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்ததுதான் என் கைப்பை. குழந்தைக்கு அதைவிட மெத்தென்ற துணி எந்தக் கடையில் கிடைக்கும்?

விமானத்தில் மூன்றரை மணி நேரம். கால் மரத்துப் போகாமல் இரண்டு முறை எழுந்து நடந்தேன். வாங்கி வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஓர் இளம் தாய். விமானம் இறங்கும்போது குழந்தைக்குக் காது அடைத்து அழும். "இப்பப் பால் கொடும்மா, சரியாயிடும்" என்றேன். குழந்தை சப்பிக் குடித்தபடியே தூங்கிவிட்டது. அந்தப் பெண் அதே நாளில் சுவர்ணபூமியிலிருந்து வேறு விமானம் பிடிக்க வேண்டியவள். இரண்டு நிலையங்களுக்கும் நடுவே அப்படிப்பட்டவர்களுக்கு இலவச பஸ் விட்டிருந்தார்கள். டிக்கெட்டைக் காட்டி ஏறிப் போனாள்.

தரை இறங்கும்போது ஜன்னலில் ஒரு வேடிக்கை பார்த்தேன். இரண்டு ஓடுபாதைகளுக்கு நடுவில் பச்சைப் புல்வெளி. அதில் ஆட்கள் கோல்ஃப் விளையாடுகிறார்கள்! தாய்லாந்து விமானப்படையின் மைதானமாம். விமானம் வரும்போது சிவப்பு விளக்கு எரியும். எல்லோரும் மட்டையோடு நின்றுவிடுவார்கள்.

மாப்பிள்ளை வந்திருந்தார். "வாங்க அத்தை" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். நிலையத்திலிருந்தே மேம்பால நடைபாதை வழியாக ரயிலடிக்குப் போய்விடலாம். 2021ல் வந்த சிவப்புத் தடம் என்ற ரயில். அப்போது டிக்கெட் 20 பாட். நம் கணக்கில் அன்று ஐம்பது ரூபாய்க்குள். ரயிலில் உட்கார்ந்ததும், "இவ்வளவு பழசா இருக்கே மாப்பிள்ளை, இதையும் ஏன் வெச்சிருக்காங்க?" என்று கேட்டேன். அவர் சொன்ன கதைதான் இதை எழுத வைத்தது.

டான் முவாங் 1914 மார்ச் 27ல் திறந்தது. 'டான்' என்றால் அவர்கள் பாஷையில் மேட்டு நிலம். 1924ல் ஹாலந்திலிருந்து கே.எல்.எம். விமானம் வந்து இறங்கியது. அதன் பிறகு எண்பது வருஷத்துக்கு மேல் பாங்காக்குக்கு இதுதான் தலைவாசல். 2006 செப்டம்பர் 28ல் சுவர்ணபூமியைத் திறந்தார்கள். அத்தனை விமானங்களும் ஒரே நாளில் அங்கே மாறின. பி.கே.கே. என்ற மூன்றெழுத்துகூட முதலில் டான் முவாங்குடையதுதானாம். அதையும் புதியதற்குக் கொடுத்துவிட்டு, டி.எம்.கே. என்று வேறு பெயர் வாங்கிக்கொண்டது. சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்து மருமகளிடம் கொடுக்கும் மாமியாரைத்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. புதிய நிலையத்தில் கூட்டம் தாங்கவில்லை. விமானம் ஓடும் பாதைகளில் விரிசல் கண்டு பழுதுபார்க்க வேண்டியிருந்தது. 2007 மார்ச் 25ல் டான் முவாங்கின் பூட்டைத் திறந்தார்கள், உள்நாட்டு விமானங்களுக்கு மட்டும்.

சோதனை அதோடு விடவில்லை. 2011ல் தாய்லாந்தில் பெருவெள்ளம். வீடிழந்தவர்களை இந்த நிலையத்துக்குள்தான் தங்க வைத்தார்கள்; வெள்ள நிவாரணத் தலைமையகமும் இங்கேயே இயங்கியது. கடைசியில் வெள்ளம் இதையும் விடவில்லை. மேட்டு நிலம் என்று பெயர் வாங்கிய இடத்தின் ஓடுபாதை தண்ணீருக்குள் போனது. தங்கியிருந்தவர்கள் வேறிடம் போக வேண்டியதாயிற்று. சுத்தம் செய்து 2012 மார்ச் 6ல் மறுபடி திறந்தார்கள். அதே வருஷம் அக்டோபர் 1 முதல் ஏர் ஏசியா தன் விமானங்களை இங்கே மாற்றியது. அதிலிருந்து இது மலிவுக் கட்டணக்காரர்களின் வாசல். 2015 டிசம்பரில் பழைய உள்நாட்டு முனையத்தைப் புதுப்பித்து இரண்டாம் முனையமாகத் திறந்தார்கள். 2019ல் வந்து போனவர்கள் 4 கோடிக்கும் மேல்.

கேட்கக் கேட்க எனக்கு அந்த இடத்தின் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. வேறு ஒன்றும் வேண்டாம், இந்தப் பழைய நிலையத்தைப் பூட்டியே போட்டிருந்தால் அந்த மலிவு டிக்கெட் ஏது? நான் மகளிடம் போவது ஏது?

வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் தலைகூட வாராமல் உட்கார்ந்திருந்தாள். செல்போன் ஒரு மூலையில் கிடந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. கை கால் கழுவிக்கொண்டு, குழந்தையை வாங்கி வேட்டித் துணியில் சுற்றித் தோளில் போட்டேன். முதுகைத் தடவிக் கொடுத்ததும் ஏப்பம் விட்டது. "நான் இதைத்தானேம்மா பண்ணேன்..." என்று அழ ஆரம்பித்தாள். "நீயும் சரியாத்தான் பண்ணிருக்கே. உனக்குத் தூக்கம் இல்லை, அதான். போய்ப் படு" என்றேன். நாலு மணி நேரம் அசையாமல் தூங்கினாள்.

அதற்காக ஆஸ்பத்திரி சொன்னதை நான் மாற்றவில்லை. தடுப்பூசி தேதி, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்றது, எல்லாம் அவர்கள் சொன்னபடிதான். சமையலும் இரவு முறையும் என் பொறுப்பு. புதியது புதியதன் வேலையைச் செய்தது, பழையது பழையதன் வேலையைச் செய்தது.

இருபத்தெட்டாம் நாள் திரும்பினேன். டான் முவாங்கில் வரிசையில் நின்றபோது சுற்றிலும் பார்த்தேன். அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிய கூலிக்காரர்கள், பேரனைத் தூக்கிய பாட்டிகள், முதல் முறை விமானம் ஏறுகிற முகங்கள். பளபளப்புக் குறைவுதான். ஆனால் யாரும் கூச்சப்பட்டு நிற்கவில்லை.

நம் சென்னைக்கும் பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் என்று 2022ல் அறிவித்தார்கள். ஏரியும் வயலும் போய்விடும் என்று ஏகனாபுரம் மக்கள் அன்றிலிருந்து போராட்டத்தில் இறங்கினார்கள். அவர்கள் கவலைக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். பிறகு எது வந்தாலும் சரி, மீனம்பாக்கத்தைப் பூட்ட மட்டும் யாரும் அவசரப்பட வேண்டாம். பல்லாவரத்தில் எங்கள் மொட்டை மாடிக்கு மேலே தாழப் பறந்து போகிற ஒவ்வொரு விமானத்திலும், எந்த ஊருக்கோ மகளைப் பார்க்கப் போகிற ஓர் அம்மா நெய் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பாள் என்றே இப்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது.